பூட்டு ஊரும் மல்லி ஊரும்: நத்தம் ரோட்டில் ஒரு கிரிக்கெட் பகை

தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளம் வரைக்கும் கொண்டுபோகும் அந்த மேம்பாலம். 7.3 கிலோமீட்டர் நீளம். 2023 ஏப்ரலில் அது திறந்த நாளிலிருந்து மதுரைக்காரர்களுக்கு நத்தம் பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. பாலம் இறங்கியதும் வலது கைப்பக்கம் அழகர்மலை கூடவே வரும். நத்தம் நெருங்க நெருங்க மாந்தோப்புகள் கண்ணில் படும். டிஎன்பிஎல் நடக்கும் நாட்களில் சாயங்காலம் இந்த ரோட்டில் பைக்குகள் வரிசை கட்டுகின்றன. போகிற இடம், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மதுரை அணிக்குக் கைதட்டப் போகும் இந்தப் பிள்ளைகள், கைதட்டுவதற்காகப் போவது எதிரியின் மண்ணுக்கு. நத்தம் திண்டுக்கல் மாவட்டம். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது ஆட்டங்கள் நடந்தது மூன்றே இடங்களில்: சென்னை சேப்பாக்கம், திருநெல்வேலி, நத்தம். இத்தனை பெரிய மதுரையில் அப்போது அந்தத் தரத்துக்கு ஒரு மைதானம் இருக்கவில்லை. மதுரையிலிருந்தும் சரி, திண்டுக்கல்லிலிருந்தும் சரி, நத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மதுரையில் அப்போது மைதானம்தான் இல்லை, கிரிக்கெட்டுக்குக் குறைவே இருந்ததில்லை. கோடையில் கண்மாய் வற்றினால் கண்மாய்க்குள் ஆட்டம். வைகையில் மணல் தெரிந்தால் ஆற்றுக்குள் ஆட்டம். திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம் பல வருஷங்கள் காய்ந்தே கிடந்தது. மைய மண்டபத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் ஏழெட்டு டீம்கள் ஆடும். எந்தப் பந்து எந்த டீமுடையது என்பதற்கே தனிப் பஞ்சாயத்து நடக்கும். சில ஆண்டுகளாக அங்கே தண்ணீர் நிற்கிறது, படகு ஓடுகிறது. ஊருக்கு நல்லதுதான். அந்தப் பையன்கள்தான் வேறு இடம் தேடிப் போனார்கள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் டென்னிஸ் பந்துப் போட்டிகள் தனி உலகம். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் போஸ்டரில் இருக்கும். பரிசுத் தொகை தந்தவர் படம் கேப்டன் படத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்த ஊர்தான் டிஎன்பிஎல்லில் ஆரம்பத்தில் அடிவாங்கிய ஊர். ‘மதுரை சூப்பர் ஜெயன்ட்’ என்ற பெயரில் ஆடிய முதல் இரண்டு சீசனிலும் பட்டியலின் அடியில் கிடந்தது அணி. திண்டுக்கல் டிராகன்ஸ் அப்போதே பெரிய கை. அஸ்வின் பெயர் ஒன்று போதாதா? மதுரைக்காரர் திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பிரியாணி பரிமாறுவதற்கு முன்பே கேலி பரிமாறப்பட்ட காலம் அது.

2018-ல் பெயர் ‘மதுரை பாந்தர்ஸ்’ என்று மாறியது, ஜாதகமும் மாறியது. இறுதிப் போட்டி ஆகஸ்ட் 12, சேப்பாக்கம். எதிரே வேறு யார்? திண்டுக்கல்லேதான். முதலில் ஆடிய திண்டுக்கல் 117 ரன்னுக்கு ஆல் அவுட். மதுரைக்காரர்கள் சரவெடியை எடுத்து வெளியே வைத்த நேரத்தில், பத்து ரன்னைத் தொடுவதற்குள் மூன்று விக்கெட் போய்விட்டது. மதுரை ரசிகனுக்குப் பழகிய காட்சிதான், சரவெடி மறுபடி வீட்டுக்குள் போகவேண்டிய நேரம். ஆனால் அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் அதற்குப் பிறகு அசையவே இல்லை. அருண் கார்த்திக் 75 நாட் அவுட். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பை மதுரைக்கு.

பக்கத்து ஊரைச் சென்னையில் வைத்து ஜெயித்ததில் ஒரு தனி ருசி இருந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரைப் பார்த்து ‘பூட்டு போட்டாச்சா மச்சான்?’ என்று கேட்கும் வாய்ப்பு எப்போதும் கிடைக்காது. திண்டுக்கல் தரப்புக்கும் பதில் இல்லாமல் இல்லை. ‘எங்க கிரவுண்ட்ல பழகித்தானய்யா நீங்க கப்பு வாங்குனீங்க?’ என்றால் மதுரைக்காரர் என்ன சொல்வார்? ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பார்.

இந்தக் கேலியைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1985 செப்டம்பர் வரை திண்டுக்கல் தனி மாவட்டமே இல்லை. மதுரை மாவட்டத்தைப் பிரித்துத்தான் அது உருவானது. வீட்டுக் கணக்கில் சொன்னால் பாகப்பிரிவினை. நம் பக்கத்தில் பாகம் பிரித்துக்கொண்டவர்களுக்குப் பெயர் பங்காளி. பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வாய்க்கால் வரப்பில் ஆரம்பித்து கோர்ட்டில் போய் நிற்கும். ஆனால் மதுரையும் திண்டுக்கல்லும் நடந்துகொள்வது பங்காளி மாதிரி இல்லை, மாமன் மச்சான் மாதிரி. பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊர்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டி நின்றால் முகூர்த்த நாளில் சீட்டு கிடைக்காது. மச்சானைக் கேலி செய்வதற்கு நம் பக்கத்தில் உரிமையே உண்டு. கோபித்துக்கொள்கிற மச்சானுக்குத்தான் மரியாதை குறையும்.

அதனால்தான் ஆள் மாறினாலும் இந்த ஊர்ப் பகை தாங்குகிறது. 2018-ல் மதுரைக்குப் பந்து வீசித்தான் வருண் சக்கரவர்த்தி ஊருக்கெல்லாம் தெரியவந்தார். கட்டடக்கலை படித்துவிட்டுச் சுழல் வீச வந்தவர். அந்த டிசம்பரில் ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். பிறகு ஒரு நாள் டிஎன்பிஎல் ஏலத்தில் அவரை எடுத்தது யார் தெரியுமா? திண்டுக்கல். மதுரை ரசிகர்கள் அதற்காக அவர் படத்தைக் கிழிக்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்கிற பாவனைதான். 2024 ஆகஸ்டில் அஸ்வின் தலைமையில் கோவையை வீழ்த்தி திண்டுக்கல் முதல் கோப்பையை வாங்கியபோது, கேலிக் கணக்கு சமன் ஆனது.

சமன் ஆன கணக்கில் 2025-ல் கொஞ்சம் கசப்பும் விழுந்தது. ஜூன் 14 அன்று சேலத்தில் திண்டுக்கல், மதுரையை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் சுருட்டிவிட்டது. அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ரசாயனம் தடவிய துண்டால் பந்தைத் துடைத்தார்கள் என்று மதுரை அணி நிர்வாகம் புகார் கொடுத்தது. துண்டுகள் இரண்டு அணிக்கும் போட்டி நடத்துகிறவர்களே தந்தவை, நடுவர்கள் எந்தத் தவறும் பார்க்கவில்லை, ஆதாரமும் இல்லை என்று சொல்லி புகார் தள்ளுபடியானது. தோற்ற பிறகு துண்டைப் பிடித்தது மதுரைக்கு அழகில்லை என்று மதுரைக்காரர்களிலேயே சொல்கிறவர்கள் உண்டு. தோளில் துண்டு போடும் ஊரில் இதைவிடப் பெரிய தீனி மச்சானுக்கு என்ன வேண்டும்? ஆனால் மதுரைக்கும் ஆறுதல் சீக்கிரமே வந்தது. அதே சீசனின் இறுதிப் போட்டி ஜூலை 6, நத்தத்திலேயே நடந்தது. சொந்த வாசலில் வைத்து திருப்பூரிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றது திண்டுக்கல்.

இதுவரை சொன்னது ஊர்ச் சண்டை. மதுரையில் இன்னொரு சண்டை இருக்கிறது. அதற்கு மைதானமும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பது. தோனியா, கோலியா, ரோகித்தா?

ஆளுக்காக அடித்துக்கொள்வதில் மதுரைக்கு நீண்ட பழக்கம். ஆசியாவின் பெரிய தியேட்டர் என்று பேசப்பட்ட தங்கம் 1952 தீபாவளிக்கு சிவாஜியின் முதல் படமான ‘பராசக்தி’யோடு இங்கேதான் திறந்தது. 1958-ல் ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்ததும் இந்த ஊருக்குத்தான். டீக்கடை பெஞ்சில் எம்.ஜி.ஆர். ரசிகரும் சிவாஜி ரசிகரும் ஒட்டி உட்காராத காலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தாத்தாக்களின் பேரன்கள்தான் இன்று மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும். போஸ்டர் ஒட்டுகிற சுவர்கூடப் பல இடத்தில் அதே சுவர்தான்.

2025 ஜூன் 3 இரவை எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டாவது முயற்சியில் பெங்களூரு ஐபிஎல் கோப்பையைத் தூக்கியது. அதே வருஷம் சென்னை பத்தாவது இடம், பட்டியலின் கடைசி. பதினேழு வருஷம் ‘இந்த வருஷம் கப்பு உங்களுக்குத்தானே?’ என்று சிரித்த சென்னை ரசிகர்கள் அன்று போனை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். தங்கை பெங்களூரு, அண்ணன் சென்னை என்றிருந்த வீடுகளில் மறுநாள் காலை இட்லித் தட்டு வைக்கிற சத்தத்திலேயே யார் ஜெயித்தது என்று தெரிந்திருக்கும். இதுவும் சிரிப்புதான், கேலி ஆட்டத்தோடு நிற்கிறவரைக்கும். மறுநாள் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்தில் 11 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் சிலர் ஸ்டேட்டஸில் கேலியை எடுக்கவில்லை. அந்தக் கேலியைப் போட்டவர்களை மச்சான் கணக்கில் சேர்க்க முடியாது.

இதைவிடக் கிட்டத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு நண்பர்கள் குடித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். ஒருவர் கோலி, இன்னொருவர் ரோகித். பேச்சு கிரிக்கெட்டை விட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஆளையே கேலி செய்வதில் போய் நின்றது. கடைசியில் ஒருவர் உயிர் போனது, மற்றவர் கைதானார். கோலியும் ரோகித்தும் அந்த மாதம் ஆஸ்திரேலியாவில் உலகக்கோப்பைக்காக ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தார்கள்.

ஊருக்காகக் கத்துகிறவன் தோற்றாலும் அவனுக்கு ஊர் அப்படியே இருக்கிறது. மீனாட்சியம்மன் கோபுரம் இருக்கிறது, மல்லி இருக்கிறது, அடுத்த வருஷம் அணியும் இருக்கிறது. ஒரு ஆளுக்காகக் கத்துகிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஆள் தோற்றால் தானே தோற்றதாக நினைக்கிறான். அந்த ஆள் ஓய்வு பெறப்போகிறார் என்றால் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. பங்காளிச் சண்டையின் சூடு இதில்தான் இருக்கிறது. பிரித்துக்கொள்ள நிலம் இல்லாததால் பெயரைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

2025 அக்டோபர் 9 அன்று இந்த இரண்டு சண்டையும் மதுரையில் ஒரே இடத்தில் சந்தித்தன. சிந்தாமணியில், ரிங் ரோட்டை ஒட்டி, வேலம்மாள் குழுமம் கட்டிய கிரிக்கெட் மைதானம் திறந்தது. பதினொன்றரை ஏக்கர். இப்போதைக்கு 7,300 பேர் உட்காரலாம், பின்னால் 20,000 வரை விரிக்கலாம். திறந்துவைக்க வந்தவர் தோனி. மதுரை தனக்கென்று ஒரு மைதானத்துக்குக் காத்திருந்த நாள் அது. வந்த கூட்டமோ மைதானத்தைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

தோனி அன்றைக்கே திரும்பிப் போனார், மைதானம் இங்கேதான் இருக்கிறது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அங்கே ஆட்டம் வைத்தால், முதல் தடவையாகப் பயணத்தின் திசை மாறும். திண்டுக்கல்காரர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஊரைக் குறுக்கே கடந்து சிந்தாமணிக்கு வர வேண்டும். ராத்திரி ஆட்டம் முடிந்து திரும்ப பஸ் இல்லையென்றால் தங்குவதற்கு மதுரையில் அவர்களுக்கு வீடு இருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. அங்கே மாமா ஜெயித்த முகத்தோடு கதவைத் திறப்பாரா, தோற்ற முகத்தோடு திறப்பாரா என்பதுதான் கேள்வி.