பந்தியில் ஒருவர் பசித்திருக்கையில்



உணவகத்தில் அமர்ந்தவுடன் நாம் ருசியை விசாரிக்கிறோம், விலையைப் பார்க்கிறோம். "இந்தச் சாம்பாரில் இட்ட பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா?" என்று கேட்டாக வேண்டியவர்களும் நம் நடுவே உண்டு. அவர்கள் சீலியாக் நோயுள்ளவர்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. அதை உண்டால் இவர்களுடைய நோயெதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். வாழ்நாளெல்லாம் குளூட்டனை முற்றிலும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை. "ஒருநாள் சாப்பிட்டால் என்ன?" என்னும் அன்பான வற்புறுத்தலுக்கு இங்கே இடமில்லை.

அரிசி உண்ணும் நம் ஊரில் இவர்களுக்கு என்ன குறை என்று நீங்கள் நினைக்கலாம். இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் ஆகியவை இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. எனினும் உணவகத்தின் அடுக்களையைக் கவனியுங்கள். ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கப்படுகிறது. பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை வேகிறது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது ரசத்திலும் தயிர்சாதத்தின் தாளிப்பிலும் வந்துவிடுகிறது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கலாகாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு சிறிய அளவும் இவர்களுக்குக் கணக்கில் வருகிறது.

பாஸ்தாவும் பீட்சாவும் உண்ணும் இத்தாலியில் சீலியாக் நோயாளர் சங்கமே உணவகத்தாருக்குப் பயிற்சி அளித்து, ஏற்ற உணவகங்களைப் பட்டியலிடுகிறது. அத்தகைய பட்டியல் கையில் இல்லாத இடத்தில் கேட்டறிவதே வழி. கூட்டமில்லாத பிற்பகலில் தொலைபேசியில் அழைத்து, சமையல் செய்கிறவரிடமே பேசுங்கள். தனிக் கல் உண்டா? தனி எண்ணெய் உண்டா? எந்தப் பெருங்காயம்? "பார்த்துச் சொல்கிறேன்" என்று டப்பாவை எடுத்து வாசிப்பவரிடம் துணிந்து செல்லலாம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பவரிடம் செல்ல வேண்டாம்.

ஆனால் எப்போதும் தாமே கேட்க வேண்டியவர்கள் ஒருநாள் சலித்துப்போகிறார்கள். எங்கள் சபையின் இளம் சகோதரி ஒருவர், வாலிபர் கூடுகை முடிந்து எல்லாரும் உணவகத்துக்குப் புறப்படும் வேளையில், வேலை இருப்பதாகச் சொல்லி வீடு திரும்பிவிடுவார். அதைக் கவனித்த தோழி ஒருவர், தாமாகவே மூன்று உணவகங்களை விசாரித்து, "இங்கே உனக்குத் தனிக் கல்லில் வார்த்துத் தருவார்கள், வா" என்று அழைத்தார். அன்று அச்சகோதரி உண்டது இரண்டு தோசையும் பெருங்காயம் சேர்க்காத தேங்காய்ச் சட்னியுமே. ஆயினும் கடைசியாக எழுந்தவர் அவர்தான்.

ஒரே பந்தியில் சிலர் உண்டு நிறைய, சிலர் பசித்திருந்த நிலையைக் கண்டே பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டார். அன்பானவர்களே, உங்கள் நட்பிலோ உறவிலோ இந்நோயுள்ளவர் இருந்தால், அடுத்த முறை அவருக்கு முன்பாக நீங்கள் உணவகத்தை அழைத்து விசாரியுங்கள். அவர் தயங்காமல் வந்து அமரட்டும்.