ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிற அந்த அம்மாவுக்கு 46 வயது. பத்து வருடமாகத் தலையிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உதிர்ந்தது. சொரியாசிஸ் என்று டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில், 'ஒட்டுகிற நோய்' என்று ஊர் பேசிவிட்டால்? உண்மையில் அது யாருக்கும் ஒட்டாது.

போன வருடம் வலது கை நடுவிரல் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது. குதிகாலை ஊன்ற முடியாது. 30 முட்டை அடுக்கிய அட்டையைத் தூக்கினால் கை நடுங்கும். "சிக்குன்குனியா வலி அப்படித்தானுங்கக்கா, லேசுல விடாது" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். மருந்துக்கடை வலி மாத்திரையில் ஆறு மாதம் ஓடியது. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையிலும் 'இல்லை' என்றே வந்தது.

நாமக்கல்லில் பார்த்த மூட்டு நோய் மருத்துவர், விரலுக்கு முன்னால் நகத்தைப் பார்த்தார். குண்டூசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். "தலையில செதில் உதிருதாங்கம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் மகள் இருக்க, பத்து வருட ரகசியம் வெளியே வந்தது.

சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்பது நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்குவதால் வரும் மூட்டு நோய். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேர் வரை இது வரலாம். முடக்குவாதப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்து, மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும்.

சிகிச்சை படிப்படியானது. லேசான வலிக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை. மூட்டுகள் பாதிக்கப்பட்டால் மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைடு போன்ற மருந்துகள். அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப், செகுகினுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள். அடாலிமுமாபை 2014 டிசம்பரில் இந்திய நிறுவனம் ஒன்றே தயாரித்து வெளியிட, விலை பெருமளவு இறங்கியது. ஆனாலும் ஏழைக்கு அது பெரிய செலவுதான். இந்த ஊசிகளைத் தொடங்குமுன், உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கிடைத்தது மெத்தோட்ரெக்சேட். இந்த வகை மருந்துக்கு வழி திறந்தவர் நம் பக்கத்துக்காரர்தான். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ். உடன் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவருடைய குழுவே.

இந்த மாத்திரையில் ஒரு கண்டிப்பு உண்டு: வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகள் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தாள். மாத்திரை டப்பாவும் அவள் கையில்தான். கல்லீரல், ரத்தப் பரிசோதனைகளை டாக்டர் சொல்லும் தேதியில் எடுக்க வேண்டும். மது கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெட்பாலைத் தைலம் தடவுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஆனால் மேலே பூசும் எண்ணெயை நம்பி மூட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டு, திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் சீறிக் கிளம்பும். உடல் எடை குறைந்தால் மூட்டுக்கும் நல்லது. மருந்தும் நன்றாக வேலை செய்யும்.

பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆனது. இப்போது அவர் முட்டை அட்டையைத் தூக்குகிறார். நடுவிரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. "முன்னாலயே சொல்லியிருந்தா அதுவும் தப்பிச்சிருக்குமில்லம்மா" என்று மகள் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், யாரும் கேட்கும் முன்பே அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.