ஃபார்மட் அடிப்பதற்கு முன்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பத்துக்குப் பத்துக் கடையொன்றில் நான் தொழில் கற்றேன். விண்டோஸ் 98 ஓடிய காலம். வருகிற மிஷின்களில் பாதிக்கு ஒரே புகார்தான்: "ரொம்ப ஸ்லோவா இருக்குங்க." நான் உடனே சிடியை எடுப்பேன். ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் வேகமாக ஓடும், கூலியும் கைக்கு வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அந்த சிடியை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார். "தம்பி, மொதல்ல காதை வெச்சுக் கேளு" என்பார்.

கேபினெட்டை ஒட்டிக் காதை வைத்தால் ஹார்ட் டிஸ்க் பேசும். ஃபைலைத் திறக்கும்போது மட்டும் நெடுநேரம் கரகரத்து அடங்கினால் டிஃப்ராக் கேஸ். புதிதாக எதையும் திறக்காமல், ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலே கரகரவென்று ஓயாமல் ஓடினால் ரேம் பற்றவில்லை, சிஸ்டம் பேஜ் ஃபைலுக்கும் ரேமுக்கும் நடையாய் நடக்கிறது. டக், டக் என்று ஒரே சீராகத் தட்டினால் வேறு எதையும் தொடக்கூடாது, டேட்டாவை வெளியே எடுக்க வேண்டும். இந்த மூன்று சத்தத்தையும் பிரித்துக் கேட்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ரேமில் இடம் தீரும்போது, அந்த நேரத்துக்கு வேண்டாததை விண்டோஸ் 4 கேபி பக்கங்களாக டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கிறது. அப்படி ஒதுக்கும் இடம்தான் பேஜ் ஃபைல். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று முடிய 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ரேமை லட்சம் தடவை படித்துவிடலாம். அந்தப் பேஜ் ஃபைலும் துண்டு துண்டாகக் கிடந்தால் மிஷின் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

துண்டாவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பட்டுக்கூட்டை வைத்துத்தான் சொல்வேன். கூடு விற்கும் அங்காடி உள்ள ஊர், சட்டென்று புரிந்துவிடும். கூட்டில் இருப்பது ஒரே இழை. அறுந்தால் முனையைத் தேடிப் பிடித்த பிறகுதான் நூல் மறுபடி ஓடும். ஒரு ஃபைல் முந்நூறு துண்டாகக் கிடந்தால் டிஸ்க்கின் ஹெட்டும் முந்நூறு முறை முனை தேடும்.

முதன்முதலில் தனியாக டிஃப்ராக் போட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. சாயந்திரம் ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. ஸ்கிரீன் சேவரும் ஆன்டி வைரஸும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. டிஸ்க்கில் ஏதாவது எழுதப்படும்போதெல்லாம் டிஃப்ராக் திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. அண்ணன் திட்டவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட்டை அழுத்தி எக்ஸ்புளோரரையும் சிஸ்ட்ரேயையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடினார். கலர் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். மத்தியானம் வரை பார்த்தேன்.

அடுத்த தவறு அவ்வளவு லேசாகப் போகவில்லை. ஓர் ஆசிரியர் வீட்டு மிஷின். ஸ்லோ என்றார், டிஃப்ராக் போட்டேன். செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கவில்லை, காப்பி எடுக்கவில்லை. டிஸ்க்கில் ஏற்கெனவே பேட் செக்டார் இருந்தது. டிஃப்ராக் என்பது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் படித்து இடம் மாற்றி எழுதும் வேலை. தளர்ந்த டிஸ்க் அந்தச் சுமையைத் தாங்காது. பாதியில் நின்றுபோனது. அவர் மகளின் கல்யாணப் போட்டோக்கள் அதில் இருந்தன, திரும்பக் கிடைக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனாலேயே இன்னும் உறுத்துகிறது. அன்று முதல் எனக்கு வரிசை ஒன்றுதான். முதலில் காப்பி, பிறகு செக்டிஸ்க், பிறகு டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வது, பிறகு பேஜ் ஃபைல், கடைசியில்தான் டிஃப்ராக்.

2012-இல் நேரங்காலம் இல்லாமல் கரண்ட் போன நாட்களில் இன்னொன்றும் கற்றேன். என்டிஎஃப்எஸ் டிஸ்க் நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பழைய ஃபேட்32 அப்படியில்லை. மறுபடி ஆன் செய்தால் செக்டிஸ்க் ஓடி, FILE0000.CHK என்று யாருக்கும் பயன்படாத ஃபைல்களாக வந்து நிற்கும். யுபிஎஸ் பேட்டரியைச் சோதிக்காமல் ஃபேட்32 டிஸ்க்கில் டிஃப்ராக் தொடங்கமாட்டேன்.

பேஜ் ஃபைல் அளவுக்கு எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: ரேமைப் போல ஒன்றரை மடங்கு. அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரரை ஒரு நாள் முழுக்க வழக்கம்போல வேலை செய்யச் சொல்வார். சாயந்திரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கமிட் சார்ஜில் பீக் எவ்வளவு என்று பார்ப்பார். 256 எம்பி ரேம், பீக் 600 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு 384. ரேமோடு சேர்த்து 640, இழுத்துப் பிடித்த கணக்கு. கொஞ்சம் கூடினால் ஃபைல் வளரும், வளர்ந்தால் துண்டாகும். அதனால் 512 வைப்பார், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக.

ஆனால் முன்பே சிதறிக் கிடக்கும் டிஸ்க்கில் அந்த எண்ணைப் போட்டுப் பயனில்லை, பேஜ் ஃபைலே துண்டாகத்தான் உருவாகும். முதலில் அதை டி டிரைவுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி டிரைவை டிஃப்ராக் போடுங்கள். பதினைந்து சதவீதமாவது காலி இடம் வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்பி ஒழுங்காக முடிக்காது. ஒரு தடவையில் காலி இடம் ஒன்றுசேராது, இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டும். அதன்பிறகு பேஜ் ஃபைலை சி-க்குக் கொண்டுவந்தால் ஒரே நீளமாக உட்காரும். எண்ணைப் போட்டதும் 'செட்' பட்டனை அழுத்த மறக்காதீர்கள். ஓகே மட்டும் கொடுத்தால் மாறாது. அந்த ஒரு பட்டனால் நான் பென்னாகரத்துக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன்.

2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் எங்கள் கடைக்கும் வந்தது. முதலில் வந்தவற்றில் பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தன. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி ஒருவர் மகனுக்காகக் கொண்டுவந்தார். 2 ஜிபி ரேம், ஸ்லோ. இன்னொரு 2 ஜிபி போட்டேன். ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது என்பது அதைப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரேமைக் கழற்றிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டார்ட்டப்பில் ஓடிய வேண்டாதவற்றை நிறுத்தி, டிஸ்க்கில் இடம் உண்டாக்கி, டிஃப்ராக் போட்டேன். விண்டோஸ் 7 புதன்கிழமை நடு இரவு ஒரு மணிக்குத் தானே டிஃப்ராக் போடும்படி வைக்கப்பட்டது. தவறினால் மிஷின் சும்மா இருக்கும் நேரத்தில் ஓடும். வேலை முடிந்த கையோடு சுவிட்சை அணைக்கும் வீடுகளில் இரண்டும் நடக்காது. 'கடைசியாக ஓடிய தேதி' என்ற கட்டத்தைப் பாருங்கள், மாதக்கணக்கு இடைவெளி இருக்கும். அந்தப் பையன் அதே லேப்டாப்பில் டிப்ளமோ முடித்தான்.

இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. அதில் சுற்றவும் ஒன்றுமில்லை, நகரவும் ஹெட் இல்லை. பழைய பழக்கத்தில் அதற்கு டிஃப்ராக் போடாதீர்கள், எழுத்துத் தேய்மானம்தான் மிச்சம். விண்டோஸ் 8-க்குப் பிந்தையவை எஸ்.எஸ்.டி.யை அடையாளம் கண்டு தாமே டிரிம் அனுப்பிக்கொள்ளும். ஆனால் பேஜ் ஃபைலை எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு ரேம் இருந்தாலும் அதற்கு வேலை உண்டு. அளவை சிஸ்டமே பார்த்துக்கொள்ள விடலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க் மிஷின்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. உங்கள் மேசைக்கு ஒன்று வந்தால், வீட்டுக்காரர் ஃபார்மட் அடிக்கவே சொன்னாலும், அதில் என்னென்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டுக் காப்பி எடுத்துவிடுங்கள்.