வில்லங்கத்தில் வராத பெயர்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். குரலிலேயே பால் காய்ச்சிவிட்ட சந்தோஷம்.

"சார், பூந்தமல்லி தாண்டி ஒரு கிரவுண்டு படிஞ்சிடுச்சு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு. அட்வான்ஸ் கொடுத்துடவா?"

"விக்கிறவருக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்றேன்.

எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அதெல்லாம் எப்படி சார் கேக்கறது? தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?"

கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீங்களும் மனை வாங்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். 1994-ல் ரிடையர் ஆனபோது வந்த பி.எஃப். பணத்தில், ஆவடி - பூந்தமல்லி சாலைப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கினார். எச்சரிக்கையான மனுஷர். பஞ்சாயத்துத் தலைவர் சீல் குத்திய மனைகள் மலிவாகக் கிடைத்த காலம் அது. 'அது வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டு, அன்றைக்கு எம்.எம்.டி.ஏ. என்றிருந்த இன்றைய சி.எம்.டி.ஏ.வின் அப்ரூவல் உள்ள லே-அவுட்டாகத் தேடிப் பிடித்தார். வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவில் வைத்தார். வருஷத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய், நாலு மூலைக் கல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

2009-ல் வீடு கட்டலாம் என்று பேங்க் லோனுக்குப் போனேன். பேங்க் வக்கீல் ஃபைலைப் புரட்டிவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"தாய்ப்பத்திரம் ஒருத்தர் பேர்ல இருக்கு. அவர் காலமாயிட்டார். பவர் கொடுத்திருக்கிறது அவரோட மூணு பசங்க. சரி, வாரிசுச் சான்று எங்கே?"

பதினைந்து வருஷமாக எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. அந்த மூன்று பேரில் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாக தாலுகா ஆபீஸில் விண்ணப்பித்தோம். சான்று வந்தது. அதில் நாலு பெயர்.

நாலாவது பெயர் ஒரு பெண்ணுடையது. மூன்று பேருக்கும் மூத்தவர். கல்யாணம் ஆகித் திருமழிசைக்குப் போனவர். "பொம்பளைப் புள்ளைக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்று தம்பிகள் விட்டுவிட்டார்கள். ஆனால் சட்டம் அப்படி விடாது. அப்பா தன் சொந்த சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் அவர் இறந்துபோனால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அந்த அம்மா முன்பே இறந்துவிட்டதால் நாலில் ஒரு பங்கு அக்காவுடையது.

இது ஏன் வில்லங்கச் சான்றில் வரவில்லை? வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களின் பட்டியல். அவ்வளவுதான். வாரிசு உரிமை, சொத்துக்காரர் கண்ணை மூடிய நிமிஷமே வந்துவிடும். அதற்குப் பத்திரம் பதிய வேண்டியதில்லை. பதியாதது பட்டியலில் வராது. பதியாத உயிலும் அப்படித்தான். வாய்ப்பேச்சாக முடிந்த பாகப்பிரிவினையும் அப்படித்தான்.

திருமழிசைக்கு அப்பாவும் என்னோடு வந்தார். வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார் அந்த அம்மா. விஷயத்தைச் சொன்னேன். நிலம் விற்றுப்போனதே அவருக்குத் தெரியாது.

"பிளாட்டு நம்பர் என்னமோ சொல்றீங்க தம்பி. எனக்கு அது கழனி. எங்கம்மா கூட அதுல நாத்து நட்டிருக்கேன்" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இப்ப கையெழுத்துக்கு மட்டும் நான் வேணுமா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. உண்மையில், கையெழுத்துக்குத்தான் போயிருந்தேன். 'ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் போட்டுவிடுவார்' என்று ஒரு புரோக்கர் சொல்லிக் கொடுத்திருந்தார். பணம்கூட சட்டைப் பையில் இருந்தது.

அப்பாதான் பேசினார். "இல்லம்மா. உங்க பங்கு எங்ககிட்ட இருக்கு. அதுக்கு என்ன விலையோ, அதைக் கொடுக்கத்தான் வந்தோம்."

வெளியே வந்ததும் அவரிடம் கத்தினேன். "முழு விலையும் அன்னிக்கே கொடுத்துதானேப்பா வாங்கினோம்?"

"கொடுத்தோம். அந்தம்மாவுக்குக் கொடுக்கலையே" என்றார்.

எங்கள் 1,200 சதுர அடியில் நாலில் ஒரு பங்கு 300 சதுர அடி. அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு, அந்தப் பங்குக்குத் தனியாகக் கிரயம் பதிந்தோம். மாடிக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. ஆறு வருஷம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. கிரகப்பிரவேசத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். வாசலில் நின்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "கிணறு அந்தப் பக்கம் இருந்துச்சு" என்று கை காட்டினார்.

எங்கள் லே-அவுட்டில் இன்னும் சிலர் அவரிடம் போய்க் கிரயம் முடித்தார்கள். போகாதவர்களும் உண்டு. மனையை விற்கப் போகும்போது அவர்களிடம் வேறு ஒரு வக்கீல் அதே கேள்வியைக் கேட்பார்.

'அதான் அப்ரூவல் இருந்ததே' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சி.எம்.டி.ஏ. பார்ப்பது சாலை அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், மனைப் பிரிவு. விற்பவருக்கு முழு உரிமை இருக்கிறதா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான். பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆகவே அப்ரூவல், பட்டா, வில்லங்கம் மூன்றும் வேண்டும். மூன்றும் இருந்தாலும் இன்னும் நாலு வேலை பாக்கி.

ஒன்று, தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்த இடத்தில் ஒருவர் இறந்திருக்கிறாரோ, அங்கே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். சான்றில் உள்ள பெயர்களையும் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இடித்தால் நில்லுங்கள்.

இரண்டு, பவர் மூலம் விற்கிறார்களா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். 'கிரயம் எதுக்கு, பவரையும் அக்ரிமென்ட்டையும் உங்க பேருக்கே எழுதிடறோம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி எழுதுவதால் சொத்து கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது.

மூன்று, அப்ரூவல் இல்லாத மனை என்றால் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கக் காத்திருந்தவர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு அதில் வழி கிடைத்தது. வரன்முறை செய்த மனை என்றாலும் முதல் வேலையை விட்டுவிடாதீர்கள். அது மனைப்பிரிவைத்தான் சரி செய்கிறது. விடுபட்ட வாரிசைக் கொண்டுவந்து சேர்க்காது.

நான்கு, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'இது முன்னாடி என்னவா இருந்துச்சு? மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?' நம் பக்கம் முழுக்க ஏரிகள் ஊர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று தண்ணீர் நடந்த பாதை உண்டு. 2015 மழையில் அந்தப் பாதையில் இருந்த தெருக்கள் என்ன பாடுபட்டன என்று கொரட்டூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கி, உங்கள் சர்வே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் சரியான இடத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே வானம் தோண்டுங்கள்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறை கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டும் வீடு என்றால், ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் பெயரைக் கவனியுங்கள்... சுயசான்று. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்வது நீங்கள். தப்பு இருந்தால் மாட்டுவதும் நீங்கள்தான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். நேற்று மறுபடி போன் வந்தது.

"கேட்டுட்டேன் சார். அவருக்கு ரெண்டு அக்கா இருக்காங்களாம். ஒருத்தர் கையெழுத்துப் போட வர்றேன்னுட்டார். இன்னொருத்தர்கிட்ட பேச்சுவார்த்தையே இல்லையாம். அதனாலதான் சொல்லலையாம்."

"அவங்க எங்கே இருக்காங்க?"

"திருவேற்காட்டுல. ஞாயித்துக்கிழமை போறேன் சார். நீங்களும் கூட வர்றீங்களா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்து கேட்பதற்கு முன்னால் அவர் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.