அதிபர் ஊடாக

யாழ்ப்பாணத்தார் மறுத்துப் பேச அறியாதவர் என்று எவருங் குறை கூறார். கோயிற் பொதுக்கூட்டங்களிலும் சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைத் திண்ணைகளிலும் நாம் ஒருவர் கூற்றை ஒருவர் மறுக்குந் திறம் யாவரும் அறிந்ததே. ஆயினும், சம்பளம் பெற்று வேலை செய்யும் இடத்திலே, மேலவர் ஒருவரின் முன்னிலையில் மாறான கருத்தைச் சொல்ல வேண்டிவரின், அத்திறம் எங்கோ ஒளித்துவிடுகின்றது. கூட்டத்திலே மௌனம், கூட்டம் முடிந்தபின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்திலே பிரசங்கம். இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் நிற்கும் யாம் இதனைப் பல பாடசாலைகளிற் கண்டிருக்கின்றோம். அம்மௌனத்தை மரியாதை என்று கொள்வாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளேம்.

எமது துறை தமிழாதலின், இவ்விடயத்தில் எமக்கு வழிகாட்டிகள் நூலாசிரியரும் உரையாசிரியருமேயாவர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்குரிய மதம் ஏழென வகுத்தார். உடன்படுதலை அடுத்து மறுத்தலை வைத்த அவர், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலை மூன்றாவதாகக் கூறினார். நூலுக்குச் சொன்னதாயினும் உத்தியோகத்துக்கும் அது பொருந்தும். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுக்குங்கால் இளம்பூரணரைப் பலவிடத்து மறுக்கின்றார். ஆனால் மறுக்கும் இடத்திலேயே அவரை 'உரையாசிரியர்' என்னுஞ் சிறப்புப் பெயராற் சுட்டுகின்றார். கருத்து விழுகின்றது, ஆள் விழுவதில்லை.

எம்மூரிலே இதற்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களினும் பெரிய உதாரணம் வேண்டா. அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாகப் பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். சைவராகிய அவர்கள் அவ்வேலையைச் செய்தது எங்ஙனம் என்று மாணவர் எம்மிடம் கேட்பதுண்டு. ஏற்ற வேலையைப் பழுதறச் செய்தல் ஒன்று. அவ்வேலை தந்தவரோடு கொள்கையில் உடன்படுதல் மற்றொன்று. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது நாவலர் மிஷன் ஆசிரியராகவே இருந்தார்கள். மறைவிலே பேசினார்களல்லர், ஊர் கேட்கப் பேசினார்கள். இரண்டையும் ஒருங்கே நடத்துதல் இயலாதென்ற நிலையில், 1848இல் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வாண்டிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பின்னர் 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' மென்மையான நூலென்று யாமுஞ் சொல்லேம். ஆயினும், எவரிடத்துச் சம்பளம் பெற்றார்களோ அவர் அறியாதவாறு அவரை எதிர்த்தார்கள் என்று எவருஞ் சொல்லல் ஆகாது.

அத்துணைப் பெரிய மாறுபாடு எம்போல்வார்க்கு வாய்ப்பதில்லை. எமக்கு வாய்த்தது சிறியது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையிலே, பத்தாந் தரத்து மாணவர் பதினொருவரைத் தமிழ் இலக்கிய நயத்தினின்றும் நீக்கிச் சித்திரத்திற் சேர்க்குமாறு அதிபர் பணித்தார். சாதாரண தரப் பரீட்சையிலே சித்தி வீதம் குறையும் என்பது அவர் அச்சம். ஆசிரியர் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறந்திலர். யாம் பட்டதாரியல்லேம், பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் உடையேம். ஆசிரியர் அறையிலே யார் முந்திப் பேசலாம் என்பதற்கும் ஒரு வரிசை உண்டென்பதை அறிந்தோர் அறிவர்.

பாடசாலை விட்டபின் புள்ளிப் பதிவேட்டோடு அவரிடஞ் சென்றோம். "சேர், வலயத்திலிருந்து பெறுபேறு கேட்டு உங்களை நெருக்குவது எமக்குத் தெரியும். ஆனால் இந்தப் பதினொருவரில் ஏழுபேர் சென்ற தவணையிலும் பார்க்கக் கூடிய புள்ளி பெற்றிருக்கின்றார்கள்" என்றோம். "மாஸ்ரர், நீங்கள் வகுப்பைப் பார்க்கிறீர்கள், நான் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறேன்" என்றார் அவர். அதில் உண்மை இல்லாமலில்லை.

மொட்டைக் கடிதம் ஒன்று போடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். அது எம் நாட்டிற் பழைய வழக்கம்; கோழையின் வழக்கமுமாகும். அரசாங்க ஊழியர் மேலிடத்துக்கு எழுதுவது தம் நிறுவனத் தலைவர் ஊடாகவே செல்லவேண்டும் என்பது தாபன விதிக்கோவையின் முறை. வலயக் கல்விப் பணிப்பாளரை விளித்து, கீழே 'அதிபர் ஊடாக' என்று எழுதுவோமே, அந்த 'ஊடாக' என்னுஞ் சொல்லைத் தடையாகவே பலரும் எண்ணுகின்றனர். எமக்கோ அது பெரிய வசதியாகத் தோன்றிற்று. ஒருவரைப் பற்றி அவருக்கு மேலவரிடஞ் சொல்வதை அவரே முதலில் வாசிக்கப் போகின்றார் என்றால், எழுதுகோல் தானே அடங்குகின்றது. பொய்யும் மிகையும் உதிர்கின்றன.

ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தோம். இருமுறை வாசித்தார். தம் காரணத்தையும் அதிற் சேர்க்கவேண்டும் என்றார். அவர் சொன்ன சொற்களிலேயே இரண்டு வாக்கியம் சேர்த்தோம். மூன்று நாட்கள் கடிதம் அவர் மேசை இலாச்சியிற் கிடந்தது. நான்காம் நாள் அழைத்து, "ஏழுபேரும் இருக்கட்டும்; மற்ற நாலுபேரையும் மாற்றுங்கள். இதை அனுப்பத்தான் வேணுமோ?" என்றார். கடிதத்தைத் திரும்பப் பெற்றோம். அந்நால்வர் விடயத்தில் அவர் மாறிலர். எம் கருத்தும் மாறிற்றில்லை என்பதைச் சொல்லிவிட்டு, அவர்களைச் சித்திர வகுப்புக்கு யாமே கொண்டுபோய் விட்டோம். அவர்களுள் ஒருவன் இலக்கியப் புத்தகத்தைத் தான் வைத்திருக்கலாமோ என்று கேட்டான். வைத்திருக்கச் சொன்னோம்.

அடுத்த ஆண்டு பாடத்தெரிவுப் பட்டியல் ஆயத்தமானபோது, அதிபர் அதனை முதலில் எமக்கு அனுப்பியிருந்தார். 'மாற்றுக் கருத்து இருப்பின் எழுதுக' என்று ஓரத்திற் பென்சிலாற் குறித்திருந்தது. இரண்டு பெயர்களுக்கெதிரே எழுதி அனுப்பினோம்.