கண் அறியாத இருள்

“மனிதக் கண் ஒரு நொடியில் எத்தனை படங்களைக் காணும்?” என்று இயற்பியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் வினவினார். “இருபத்து நான்கு, ஐயா!” என்று முந்திக்கொண்டு எழுந்தேன். என் தந்தை திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவர் ஆயிற்றே! எனக்குத் தெரியாததா என்ற செருக்கு. பேராசிரியர் புன்னகைத்து, “அப்பாவையே கேட்டுக்கொண்டு வா” என்றார்.

மாலையில் அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்துவிட்டார்.

“இருபத்து நாலுங்கிறது பிலிமோட கணக்குடா, கண்ணோட கணக்கு இல்லை. ஒரு நொடிக்கு ஒன்றரை அடி பிலிம் போகும். ஒவ்வொரு படமும் விளக்குக்கு முன்னால நின்னு நின்னுதான் நகரும். நகரும்போது ஷட்டர் சுத்தி வெளிச்சத்தை மறைக்கும். நிக்கும்போதும் ஒரு தரம் மறைக்கும். அதனால திரையில நாற்பத்தெட்டுத் தரம் வெளிச்சம் விழும். இல்லேன்னா படம் மினுமினுக்குதுன்னு ஜனங்க கத்துவாங்க. கூட்டிப் பார்த்தா, படத்துல பாதி நேரம் திரை இருட்டாத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது.”

பின்னர் நூலகத்தில் படித்தேன். அசைவு தோன்ற நொடிக்குப் பதினைந்து படங்களுக்குள்ளாகவே போதும். ஆனால் நல்ல வெளிச்சத்தில் மினுக்கம் மறைய 50, 60 முறை ஒளிர வேண்டும். மங்கிய ஒளியில் அதனினும் குறைவே போதும். 2014-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வில், ஒரு நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு நேரமே காட்டிய படத்தையும் பங்கேற்றவர்கள் வெறும் ஊகத்தைவிடச் சரியாக அடையாளம் கூறினர். ஆகவே, கண்ணுக்கு ஒரே எண் என்பது இல்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதற்கேற்பவே விடையும் அமைகிறது.

நண்பர்களே, இவற்றையெல்லாம்விட அப்பா சொன்ன அந்தப் பாதி நேர இருட்டே என் நெஞ்சைத் தைத்தது. 2012-இல் எங்கள் ஊர்த் திரையரங்கில் டிஜிட்டல் கருவி வந்தது. அப்பாவின் வேலை போயிற்று. அன்று முதல் அவர் ஜவுளிக்கடை ஒன்றில் இரவுக் காவலர். கல்லூரியில் சேர்ந்தபோது, ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். அவர் விழித்திருந்த இரவுகளில்தான் எங்கள் பகல்கள் ஓடின. அந்த இருளை நான் காணவே இல்லை!

மறுநாள் வகுப்பில் விடையைச் சொன்னேன். “நன்று! எந்த நூலில் படித்தாய்?” என்றார் பேராசிரியர்.

“முதலில் சொன்னவர் என் தந்தை, ஐயா. அன்று ஆபரேட்டர், இன்று இரவுக் காவலர்” என்றேன். குரல் நடுங்கவில்லை.