யார் முதலில் சொல்வது?

தேற்றத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் பிழை உறுப்பை மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "பிழை பூஜ்யத்தை நெருங்குகிறது" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. அங்கேதான் நான் அவர்களைப் பிடித்து நிறுத்துவது வழக்கம். எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது? எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா?

0.5-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் பத்தாவது அடுக்கில் 0.001-க்குக் கீழே வந்துவிடும். 0.99 என்றால் 688-ஆவது அடுக்கு வரை காத்திருக்க வேண்டும். 0.999-க்கு 6,905. ஒன்றுக்குக் குறைவான எந்த நேர் எண்ணை நீங்கள் சொன்னாலும் அதற்கு ஏற்ற அடுக்கை நான் சொல்லிவிடுவேன். அடுக்கை நான் முதலில் சொல்லிவிட்டால், அதற்கு அடங்காத எண் ஒன்றை நீங்கள் எளிதாகக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். யார் முதலில் வாய் திறப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 0 முதல் 0.9 வரைதான் என்று வரம்பு கட்டிக்கொண்டால், நானே முந்திக்கொண்டு 66 என்று சொல்லலாம். அந்தச் சொல் நிற்கும். அதுதான் சீரான பிழை எல்லை.

பெரிய கணித மேதைகளுக்கே இது தெளிவாகக் காலம் பிடித்தது. தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக்கொண்டு போகும் தொடர் ஒருங்குமானால் அதன் கூடுதலும் தொடர்ச்சியானது என்று 1821-இல் கோஷி எழுதினார். இருபதுகளில் இருந்த நார்வேக்காரர் ஏபெல், 1826-இல் ஒரு சைன் தொடரை எடுத்துக்காட்டி, இதற்கு விதிவிலக்கு இருக்கிறதே என்றார். அந்தத் தொடரின் கூடுதல் ஒரு நேர்கோடாக ஏறிப் போய், பை என்ற புள்ளியில் சட்டென்று கீழே விழுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கத்தான் செய்கிறது. ஆனால் பையை நெருங்க நெருங்க மேலும் மேலும் உறுப்புகளைக் கேட்கிறது. ஸ்டோக்ஸும் சைடலும் 1840-களின் பிற்பகுதியில் சிக்கல் எங்கே என்று கண்டார்கள். வையர்ஸ்ட்ராஸ் சீரான ஒருங்கலைத் தம் பெர்லின் விரிவுரைகளின் அடித்தளங்களில் ஒன்றாக்கினார்.

புள்ளியியலில் இந்த வித்தியாசத்தை மறந்தால் மனிதர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதால், அங்கே எனக்குப் பொறுமை குறைவு. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம். ஒருவர்கூட அகப்படாமல் போவதற்கான நிகழ்தகவு சுமார் 37 சதவீதம். அப்போது வழக்கமான சூத்திரப்படி விகிதம் பூஜ்யம், திட்டப்பிழை பூஜ்யம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பூஜ்யம் முதல் பூஜ்யம் வரை! நோயே கிடையாது என்று அது சாதிக்கிறது. மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். பத்தாயிரம் பேரை எடுங்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் அதே 37 சதவீதத்தோடு வந்து நிற்கும். விகிதத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்து மாதிரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இடைவெளி உண்மையான விகிதத்தைப் பிடிக்கும் வாய்ப்பு 95 சதவீதத்தை நெருங்குவது உண்மைதான். ஆனால் சோதனைக்குப் போகிறவருக்கு விகிதம் முன்கூட்டித் தெரியாது, தெரியாததால்தானே சோதிக்கிறார்.

1934-இல் கிளாப்பரும் பியர்சனும் தந்த இடைவெளி, விகிதம் எதுவானாலும் அந்த வாய்ப்பு 95 சதவீதத்துக்குக் குறையாது என்று உறுதி கூறுகிறது. ஆயிரத்தில் ஒருவரும் அகப்படாதபோது அதன் மேல்எல்லை ஆயிரத்துக்குச் சுமார் 3.7 பேர். இடைவெளி சற்று அகலமாகத்தான் இருக்கும். அந்த விலையைக் கொடுக்கத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த சீரான எல்லை இன்னொன்று. சார்பற்ற மாதிரிகளிலிருந்து வரையும் பரவல் சார்பு, உண்மையான பரவல் சார்பிலிருந்து எங்கேனும் எவ்வளவு விலகலாம்? பரவல் எதுவாக இருந்தாலும் பொருந்தும் ஓர் எல்லையை துவோரெட்ஸ்கி, கீஃபர், வுல்ஃபோவிட்ஸ் மூவரும் 1956-இல் நிறுவினார்கள். முன்னால் நிற்கும் மாறிலி எவ்வளவு என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. 2 போதும் என்று மாசார் 1990-இல் காட்டினார். அதை வைத்துக் கணக்குப் போட்டால், ஆயிரம் மாதிரிகளுக்கு, 95 சதவீத உறுதியோடு, கோட்டின் எந்த இடத்திலும் விலகல் 0.043-ஐத் தாண்டாது. பரவலின் பெயரைக்கூட யாரும் கேட்க வேண்டியதில்லை.